நேற்றை மறுபடி கட்டுவது

ராசிபுரம் பக்கம் ஒன்றரை ஏக்கர் புஞ்சை வாங்க நினைக்கிறவர் யாரும் இரண்டு காகிதங்களைப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பதில்லை. ஒன்று பட்டா. இந்தச் சர்வே எண்ணில் இந்த உட்பிரிவு இன்றைக்கு யார் பெயரில் இருக்கிறது, பரப்பு எவ்வளவு, தீர்வை எவ்வளவு என்பதோடு அதன் பேச்சு முடிந்துவிடும். மற்றது வில்லங்கச் சான்று. முப்பது வருடத்துக்குப் போட்டு எடுத்தால் ஒரு கிரயம் வரும், அந்தக் கிரயத்தை வைத்து வாங்கிய அடமானம் வரும், அடமானம் தீர்ந்த ரசீது வரும், தகப்பன் மகளுக்கு எழுதிவைத்த செட்டில்மெண்ட் வரும். ஒவ்வொன்றுக்கும் ஆண்டும் ஆவண எண்ணும் இருக்கும். பட்டா ஒரு நிலையைச் சொல்கிறது, வில்லங்கச் சான்று அந்த நிலைக்கு வந்து சேர்ந்த வழியைச் சொல்கிறது. பட்டா காணாமல் போனால் பதிவேடுகளை வரிசையாகப் படித்துக்கொண்டு வந்து இன்றைய உரிமையாளரைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். பதிவேடு காணாமல் போனால் பட்டாவை எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும் நடுவில் இந்த நிலம் எந்த வங்கியில் அடமானம் கிடந்தது என்று தெரியப்போவதில்லை. வழி கையில் இருந்தால் நிலையைக் கட்டிக்கொள்ளலாம். நிலையை வைத்துக்கொண்டு வழியைக் கட்ட முடியாது.

கிளவுடில் இருக்கும் ஒரு தரவுத்தளத்திடம் ‘நேற்று காலை 11 மணி 41 நிமிடத்தில் இருந்தபடி உன்னைத் திருப்பிக் கொடு’ என்று கேட்க முடிவதற்கும், அது பல சமயம் கொடுத்துவிடுவதற்கும் இந்த ஏற்றத்தாழ்வுதான் அடிப்படை. திரைப்படத்தைப் பின்னால் ஓட்டுவதுபோல ஏதோ நடக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மென்பொருள் நிறுவனங்களின் விளம்பரமும் அப்படித்தான் நினைக்க வைக்கிறது. நடப்பதோ நேரெதிர். பொதுவாக ஒரு தரவுத்தளம் இப்படி ஒரு கட்டளைக்குப் பின்னால் நகர்வதில்லை. இன்னும் பழைய ஒரு படியை எங்கிருந்தோ எடுத்துவந்து, அதன்பின் நடந்த ஒவ்வொன்றையும் நடந்த வரிசையிலேயே மறுபடி நடத்திக்கொண்டு முன்னால் வருகிறது. சொன்ன நிமிடம் வந்ததும் நின்றுவிடுகிறது. இதைச் சரியாகப் புரிந்துகொண்டால் எதைப் பத்திரப்படுத்த வேண்டும் என்பதும் மாறும், மீட்ட பிறகு என்ன பாக்கியிருக்கிறது என்பதும் மாறும் என்பதே இங்கே நிறுவ வேண்டியது.

பதிவேட்டின் இலக்கணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்திலேயே படித்துக்கொள்ளலாம். 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 53-ஆம் பிரிவில், ஒவ்வொரு புத்தகத்திலும் பதிவுகளுக்குத் தொடர் எண் இட வேண்டும், அந்த வரிசை ஆண்டோடு தொடங்கி ஆண்டோடு முடிய வேண்டும் என்கிறது. 52-ஆம் பிரிவு, பத்திரம் தாக்கலான நாளையும் மணியையும் இடத்தையும் அதன்மேலேயே எழுதச் சொல்கிறது. எண் விட்டுப்போகக் கூடாது, நடுவில் செருகக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. தரவுத்தளத்துக்குள் இருக்கும் லாக் என்கிற கோப்பும் இதே விதிகளுக்குக் கட்டுப்பட்டது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏறுவரிசையில் ஓர் எண் உண்டு. புதியது எப்போதும் கடைசியில்தான் சேரும். இதற்குமேல் இன்னொரு கட்டளையும் உண்டு: எந்த மாற்றமானாலும் முதலில் லாக்கில் ஏறியாக வேண்டும், அதன்பிறகுதான் தரவு இருக்கும் பக்கத்தைத் தொடலாம். தரவுப் பக்கங்கள் வட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடப்பவை. ஒரே வரவு–செலவுக்கு நான்கு பக்கங்களைத் திருத்த வேண்டியிருந்து, இரண்டு திருத்தியதும் மின்சாரம் போனால் கணக்கு பாதியில் தொங்கும். லாக்கின் கடைசியில் ஒரு வரி சேர்ப்பது ஒரே இடத்து வேலை, விரைவான வேலை. அது முடிந்திருந்தால் மின்சாரம் வந்ததும் லாக்கைப் படித்து மிச்சத்தை முடித்துக்கொள்ளலாம்.

1970-களில் ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் ஜிம் கிரே முதலானவர்கள் உருவாக்கிய சிந்தனை இது. அதை எந்த இடத்தில் விழுந்தாலும் எழுந்து நிற்கும் முழுமையான முறையாக வடித்தவர்களில் முதன்மையானவர் சென்னை ஐஐடியில் 1977-இல் வேதிப் பொறியியல் முடித்துவிட்டு அமெரிக்கா போன சி. மோகன். அவரும் ஐபிஎம் சகாக்கள் நால்வரும் 1992-இல் வெளியிட்ட ஏரீஸ் என்ற முறையைத்தான் ஐபிஎம்மின் டிபி2, மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் போன்றவை பின்பற்றி வந்திருக்கின்றன. அந்த ஆய்வுரையில் இரண்டு முடிவுகள் நம் பேச்சுக்கு முக்கியமானவை. ஒன்று, மீட்கும்போது நல்லது கெட்டது பார்க்காமல் நடந்த அத்தனையையும் அப்படியே மறுபடி நடத்துவது. வேண்டாதவற்றைக் கழிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். இரண்டாவது இன்னும் நுட்பமானது. ஒரு மாற்றத்தை ரத்து செய்தால் அந்த ரத்தும் லாக்கில் ஒரு புதிய வரியாக ஏற வேண்டும். பழைய வரியை அழிக்கக் கூடாது. நம் பத்திர எழுத்தர்களுக்கு இது புதிய செய்தியே அல்ல. கிரய ஒப்பந்தம் ரத்தானால் பழைய பத்திரத்தை யாரும் பதிவேட்டிலிருந்து உருவி எடுப்பதில்லை. ரத்துப் பத்திரம் என்று ஒன்று எழுதி, அதற்கும் புது எண் வாங்கி, அதையும் வரிசையில் சேர்க்கிறார்கள். வில்லங்கச் சான்றில் இரண்டும் தெரியும்.

லாக் மட்டும் இருந்தால் போதாது. எங்கிருந்து தொடங்கி நடத்துவது என்ற கேள்வி உண்டு. அதற்கு ஓர் அடிப்படைப் படி வேண்டும். சேலம் நாட்டின் நிலக் கணக்குக்கும் அப்படி அடிப்படைகள் போடப்பட்ட காலங்கள் உண்டு. 1792-இல் திப்பு சுல்தானுடனான உடன்படிக்கையில் சேலமும் பாரமகாலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது, கேப்டன் அலெக்சாண்டர் ரீட் தன் உதவியாளர்களை வைத்துக்கொண்டு ஊர் ஊராக அளந்து கணக்கெடுத்தார். பிற்பாடு சென்னை மாகாண ஆளுநரான தாமஸ் மன்றோ அந்த உதவியாளர்களில் ஒருவர். ரயத்துவாரி முறை உருப்பெற்றது இந்த மண்ணில்தான். நமக்குப் பக்கத்துக் காலத்தில் 1979-இல் தொடங்கி 1987 வரை தமிழ்நாடு முழுக்க நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம், கிராமத்தில் ‘யுடிஆர்’ என்ற மூன்றெழுத்திலேயே வழங்குவது, இன்னொரு அடிப்படைப் படி. இன்று கணினியில் தெரியும் பட்டாவைப் பின்னோக்கித் தேடிப் போனால் அநேகமாக யுடிஆர் ‘அ’ பதிவேட்டில் போய்த்தான் நிற்கும். அதற்குப் பிறகு வந்த கிரயங்கள், உட்பிரிவுகள், பெயர் மாற்றங்கள் எல்லாம் அதன்மேல் ஏறியவை. தரவுத்தளத்திலும் இதேதான். ஒரு நாள் இரவில் முழுப் படி எடுத்து வைப்பது, அதற்குப் பிறகான லாக்கைத் துண்டு துண்டாகச் சேமித்து வைப்பது. இந்த இரண்டும் சேர்ந்தால், நடுவில் எந்த நிமிடத்தைச் சொன்னாலும் கட்டித்தர முடியும். இலவசமாகக் கிடைக்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு 2001-இல் வந்த 7.1 பதிப்பில் இப்படிப்பட்ட லாக் அமைந்தது. அதே லாக்கைத் தூக்கி எறியாமல் அடுக்கிவைத்து வேண்டிய நேரத்துக்கு மீட்கும் வசதி 2005 ஜனவரியில் 8.0 பதிப்போடு வந்தது. விழுந்தால் எழுவதற்காக வைத்திருந்த ஒன்றைக் காலத்தைக் கட்டுவதற்கும் பயன்படுத்தலாம் என்று கண்டுகொள்ள நாலு வருடம் பிடித்திருக்கிறது.

கிளவுட் இதில் புதிய அறிவியல் எதையும் சேர்க்கவில்லை. வேலையை வாடகைக்கு எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். அமேசானின் ஆர்டிஎஸ் சேவை நாளுக்கொரு முறை முழுப் படியும், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை லாக்கும் எடுத்து வேறிடத்தில் வைக்கிறது. எத்தனை நாளுக்கு வைப்பது என்பதை வாடிக்கையாளர் சொல்லலாம், ஆனால் 35 நாளுக்கு மேல் போகாது. மைக்ரோசாஃப்டின் அஷூர் எஸ்கியூஎல் சேவையில் சும்மா விட்டால் ஏழு நாள், கேட்டால் 35 நாள். மீட்கச் சொன்னால் இரண்டுமே இருக்கிற தரவுத்தளத்தின்மேல் கைவைக்காது. பக்கத்தில் புதிதாக இன்னொன்றைக் கட்டித்தரும். முதல் முறை பார்க்கிறவருக்கு இது எரிச்சலாக இருக்கும். உடைந்ததைச் சரிசெய்யச் சொன்னால் வேறொன்றைக் கொண்டுவந்து கொடுக்கிறானே என்று தோன்றும். அதில் பெரிய நியாயம் இருக்கிறது, அதைக் காட்ட ஓர் உதாரணம் தேவை.

சேலம் செவ்வாய்பேட்டையில் ஒரு ஜவ்வரிசி மொத்த வியாபாரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். மகாராஷ்டிரத்துக்கும் மேற்கு வங்கத்துக்கும் லோடு அனுப்புகிறவர். கணக்கு மென்பொருளின் தரவுத்தளம் மும்பையில் ஏதோ ஒரு கிளவுட் மையத்தில் இருக்கிறது. காலை 11:42-க்கு ஒரு பார்ட்டியின் பாக்கியைத் திருத்தப் போன ஊழியர், எந்தப் பார்ட்டி என்ற நிபந்தனையைச் சேர்க்காமல் கட்டளையைத் தட்டிவிடுகிறார். அத்தனை பார்ட்டிகளின் பாக்கியும் ஒரே தொகையாகிவிடுகிறது. யாரோ ஒருவர் போனில் சண்டை போட்ட பிறகு மதியம் 2:10-க்கு விஷயம் தெரிகிறது. 11:41-க்கு மீட்கச் சொன்னால் கிளவுட் அன்று அதிகாலைப் படியை எடுத்து, அதன்மேல் காலை முழுக்க நடந்தவற்றை ஓட்டி, 11:41-இல் நிறுத்தி ஒரு புதிய தரவுத்தளத்தைத் தரும். அதில் பாக்கிகள் சரியாக இருக்கும். ஆனால் 11:42-க்கும் 2:10-க்கும் நடுவில் போட்ட பில்கள் இருக்காது. லாரிகளோ அந்த பில்களோடு கிளம்பிவிட்டன. 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு மாநில எல்லையைத் தாண்ட ஈ-வே பில் வேண்டும். அது அரசின் தளத்தில், இந்த பில் எண்ணைச் சேர்த்தே பதிவாகியிருக்கும். வியாபாரியின் தரவுத்தளம் அந்த எண்ணை மறந்துவிட்டு, மாலையில் வரும் அடுத்த வாடிக்கையாளருக்கு அதையே மறுபடி கொடுக்கும். யுபிஐயில் வந்த பணம் வங்கிக் கணக்கில் இருக்கும், லெட்ஜரில் இருக்காது. தரவுத்தளம் மட்டும் 11:41-க்குப் போயிருக்கிறது. லாரியும் வங்கியும் அரசுத் தளமும் வாடிக்கையாளரின் ஞாபகமும் 2:10-இல்தான் இருக்கின்றன. உடைந்த தரவுத்தளத்தை அழித்துவிட்டு மீட்டதை அதன் இடத்தில் வைத்திருந்தால் நடுவில் நடந்த இரண்டரை மணி நேர உண்மைகளுக்குச் சாட்சியே இல்லாமல் போயிருக்கும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால்தான் பாக்கியைப் புதியதிலிருந்தும் பில்களைப் பழையதிலிருந்தும் எடுத்துச் சேர்க்க முடிகிறது. ஆகவே மீட்பு என்று நாம் சொல்வது வேலையின் முதல் பாதி மட்டுமே. எவற்றை ஏற்பது, எவற்றைத் தள்ளுவது என்ற இரண்டாம் பாதியை எந்த மென்பொருளும் தானாகச் செய்துவிட முடியாது, ஏனென்றால் 11:42-க்கு நடந்தது தவறு என்பதும் 11:43-க்குப் போட்ட பில் சரி என்பதும் லாக்கில் எழுதப்பட்டிருப்பதில்லை. இரண்டும் அதற்கு வெறும் வரிகள்.

நிமிடத்தைச் சொல்வதுகூட நினைப்பதுபோல எளிதல்ல. கிளவுட் சேவைகளின் கட்டளைகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் பேசுகின்றன. நம் 11:41 அங்கே 6:11. பதற்றத்தில் 11:41 என்றே தட்டினால் அது இந்திய நேரம் மாலை 5:11-ஐக் குறிக்கும், அந்த நேரம் இன்னும் வரவேயில்லை என்று பிழைச் செய்தி வரும். அது நல்ல பிழை, உடனே தெரிந்துவிடும். மறுநாள் காலையில் அதே தவறைச் செய்தால் பிழைச் செய்தி வராது. தவறு நடந்து ஐந்தரை மணி நேரம் கழிந்த தரவுத்தளம் சாதுவாக வந்து நிற்கும். இதைவிட ஆழமான சிக்கலும் ஒன்று உண்டு, பதிவுச் சட்டம் அதையும் தொட்டிருக்கிறது. 23-ஆம் பிரிவின்படி கையெழுத்திட்ட நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பத்திரத்தைத் தாக்கல் செய்யலாம். 47-ஆம் பிரிவின்படி அது பதிவான நாளிலிருந்து செல்லாது. பதிவே தேவையில்லை என்றிருந்தால் எந்த நாளிலிருந்து செல்லுமோ அந்த நாளிலிருந்து செல்லும். ஆக ஒரே கிரயத்துக்கு இரண்டு காலங்கள்: நடந்த காலம், பதிவேட்டில் ஏறிய காலம். லாக்குக்கு இரண்டாவது மட்டும்தான் தெரியும். வியாபாரி முந்தாநாள் வாங்கிய சரக்கை இன்று காலை 11:50-க்குக் கணக்கில் ஏற்றியிருந்தால், 11:41-க்கு மீட்ட தரவுத்தளத்தில் முந்தாநாள் கொள்முதல் இருக்காது. ‘முந்தாநாள் கணக்கைத்தானே தொடாமல் வைத்தோம்’ என்று அவர் வாதிடலாம். தரவுத்தளம் சொன்னபடிதான் செய்திருக்கிறது.

இவ்வளவு சிரமம் எதற்கு, ராத்திரி ஒரு முழு பேக்கப் எடுத்தால் போதாதா என்பது சிறு நிறுவனங்கள் வழக்கமாக எழுப்பும் மறுப்பு. கோழித்தீவனக் கடைக்கு அது போதலாம். அன்றைக்குப் போட்ட பில்களைக் கார்பன் தாளிலிருந்து திரும்ப ஏற்றிவிட முடியும் என்றால் ஒரு நாள் இழப்பைத் தாங்கலாம். ஆனால் அந்த மறுப்புக்குள்ளேயே ஒரு லாக் ஒளிந்திருக்கிறது: கார்பன் தாள். காகிதத்தை விட்டுவிட்டு எல்லாவற்றையும் கணினியில் மட்டும் வைத்துக்கொண்ட பிறகு அந்த லாக்கும் போய்விடுகிறது. மேலும், எடுத்த பேக்கப் உண்மையில் எடுக்கப்பட்டதா என்பது வேறு கேள்வி. 2017 ஜனவரி 31 இரவு கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் துணைத் தரவுத்தளம் என்று நினைத்து முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகளை அழித்தார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட்தான் மிஞ்சியது. தினசரி பேக்கப் பதிப்பு பொருந்தாமல் தோல்வியடைந்துகொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. வட்டின் நகல் எடுக்கும் வசதி அந்த சர்வர்களுக்கு இயக்கப்படவே இல்லை. வேறொரு சோதனைக்காகத் தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்து வைத்த ஒரு படி காப்பாற்றியது. லாக் அடுக்கிவைக்கப்படாததால் அந்தப் படியிலிருந்து முன்னால் வர வழியில்லை; சுமார் 5,000 திட்டங்கள், 5,000 பின்னூட்டங்கள், 700 புதிய கணக்குகள் போயின. கிட்லேப் இதை மறைக்காமல் மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டியது. அந்த நேர்மை இல்லாவிட்டால் இவ்வளவு விவரம் நமக்குக் கிடைத்திருக்காது. நம் ஊர் நிறுவனங்களும் அரசுத் துறைகளும் இப்படி எழுதி வைக்கும் பழக்கத்துக்கு இன்னும் வரவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களிடமிருந்து வரும்: எங்கள் தரவுத்தளத்துக்கு மூன்று நகல்கள் உண்டு, மூன்றும் தனித்தனிக் கட்டடத்தில், ஒரு நொடி பின்தங்காமல் ஓடுகின்றன. வட்டு எரிந்தால், கட்டடத்தில் மின்சாரம் போனால் அவை உதவும்தான். தவறான கட்டளைக்கு அவை உதவாது. 11:42-க்குப் பாக்கிகள் கெட்டால் அடுத்த நொடியில் மூன்றிலும் கெட்டிருக்கும். நகலின் வேலையே அதுதான். இறந்த காலத்தைக் காப்பது நகலின் வேலைப் பட்டியலிலேயே இல்லை.

பொறுப்பைக் கிளவுட் நிறுவனத்திடம் விட்டுவிட்டோம், இனி நமக்கென்ன என்பது மூன்றாவது. ஆஸ்திரேலியாவில் 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் ஓய்வூதியப் பணத்தை நிர்வகிக்கும் யூனிசூப்பர் என்ற நிதியம் 2024 மே மாதத்தில் இதற்கான பதிலை அனுபவித்தது. கூகுள் தன் உள்கருவி ஒன்றில் ஒரு விவரத்தை நிரப்பாமல் விட்டதால், யூனிசூப்பரின் தனிக் கிளவுட் ஓராண்டுக் கெடுவோடு உருவாகியிருந்தது. கெடு முடிந்ததும் தானாக அழிந்துபோனது. உறுப்பினர்கள் ஒரு வாரம் கணக்கைப் பார்க்க முடியவில்லை. கூகுளின் சேமிப்பகத்தில் தனியே இருந்த பேக்கப்களோடு, வேறொரு நிறுவனத்திடம் யூனிசூப்பர் வைத்திருந்தவையும் சேர்ந்து மீட்புக்கு உதவின. படியும் லாக்கும் எத்தனை கட்டடத்தில் இருந்தாலும், எல்லாவற்றையும் ஒரே சாவி திறக்குமென்றால் ஒரே கையால் அழிக்கவும் முடியும். 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களைப் பணயப் பணம் கேட்கும் மென்பொருள் பூட்டியபோதும் இதே பாடம்தான். ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டதாக நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வரிலிருந்து இ-ஹாஸ்பிட்டல் தரவுகள் மீட்கப்பட்டன. அதுவரை புறநோயாளிச் சீட்டு முதல் பரிசோதனை முடிவு வரை காகிதத்தில் கையால் நடந்தது. மீண்டு வந்த தரவுத்தளத்துக்கு அந்த நாட்களின் நோயாளிகளைத் தெரியாது. செவ்வாய்பேட்டை உதாரணத்தில் இரண்டரை மணி நேரமாக இருந்த இடைவெளி அங்கே நாள்கணக்கில் இருந்தது, அவ்வளவே வித்தியாசம்.

அப்படியென்றால் லாக் முழுவதையும் காலாகாலத்துக்கும் வைத்துக்கொள்ளலாமே, 35 நாள் என்று ஏன் கஞ்சத்தனம் என்று கேட்பது நியாயம். சேமிப்புச் செலவு ஒரு காரணம், ஆனால் பெரிய காரணமல்ல. பழைய படியிலிருந்து முன்னோக்கி நடத்த வேண்டிய தூரம் கூடினால் மீட்கும் நேரமும் கூடும் என்பதும், அடிக்கடி படி எடுத்துச் சமாளிக்கக் கூடியதே. உண்மையான தடை, நாள் ஆக ஆக மீட்ட தரவுத்தளம் உலகத்தோடு பொருந்தாமல் போவது. 1996-இல் இருந்தபடி ஒரு நிலப் பதிவுத் தரவுத்தளத்தைக் கட்ட முடிகிறது என்று கற்பனை செய்துகொண்டால், அதில் ராசிபுரமும் திருச்செங்கோடும் பரமத்தியும் சேலம் மாவட்டத்தில் இருக்கும். 1997 ஜனவரி 1 முதல் இயங்கும் நாமக்கல் மாவட்டத்துக்கு அதில் இடமே இருக்காது. இன்றைய மென்பொருள் நாமக்கல்லைத் தேடிப் போய் வெறுங்கையோடு திரும்பும். மாவட்டம் பிரிவது அபூர்வம். ஆனால் மென்பொருளின் அட்டவணைகளில் ஒரு புதிய பத்தி சேர்வது, ஒரு குறியீடு மாறுவது எல்லாம் வாரந்தோறும் நடக்கும் சமாச்சாரம். மூன்று மாதத்துக்கு முந்தைய படியை இன்றைய மென்பொருளோடு இணைத்தால் இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளாது.

பதிவேட்டில் ஏறாதது மீளாது என்பதையும் மறந்துவிடக் கூடாது. வில்லங்கச் சான்றை நம்பி நிலம் வாங்கி மாட்டிக்கொள்கிறவர்கள் பலர் விழுவது இங்கேதான். தகப்பன் இறந்ததும் சொத்து வாரிசுகளுக்கு இறங்குவதற்குப் பத்திரம் தேவையில்லை. அண்ணன் தம்பிகள் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டு வருடக்கணக்கில் தனித்தனியே விவசாயம் செய்திருக்கலாம். சான்று ‘வில்லங்கம் ஏதுமில்லை’ என்றே சொல்லும், அது பொய்யும் அல்ல. கிளவுடிலும் இப்படிப்பட்ட வாய்மொழிப் பாகப்பிரிவினைகள் உண்டு: படங்களும் பில்களின் ஸ்கேன் பிரதிகளும் தரவுத்தளத்துக்கு வெளியே தனிச் சேமிப்பகத்தில் கிடக்கும்; தரவுத்தளம் 11:41-க்குப் போகும்போது அவை கூடவே போகாது. லாக் எதைக் காக்கிறது என்று தெரிந்துகொள்வதற்கு எதைக் காக்கவில்லை என்ற பட்டியல்தான் நல்ல வழி, அதை யாரும் எழுதி வைப்பதில்லை.

அடிப்படைப் படியே தவறாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பதில் யுடிஆரில் இருக்கிறது. அந்தக் காலத்தில் பெயர் மாறி ஏறியது, பரப்பு குறைந்து ஏறியது, பக்கத்து வயலோடு உட்பிரிவு சேர்ந்து ஏறியது என்று நாற்பது வருடம் கழித்து இன்றும் மனுக்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பிற்பாடு ஏறிய எல்லாம் முறையாக ஏறினாலும், தொடக்கத்தில் இருந்த பிழையைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் வந்திருக்கின்றன. எந்த நிமிடத்துக்கு மீட்டாலும் பிழை கூடவே வரும். இங்கே யாரும் 1987-க்கு முந்தைய பதிவேட்டை எடுத்து இன்றைய பதிவேட்டின் இடத்தில் வைப்பதில்லை. மாவட்ட வருவாய் அலுவலர் பழைய பதிவேட்டைத் தருவித்து, எதிர்த்தரப்புக்கும் நோட்டீஸ் அனுப்பி, இரு பக்கமும் கேட்டு, ஓர் உத்தரவு போடுகிறார். அந்த உத்தரவின் எண்ணோடு திருத்தம் இன்றைய கணக்கில் ஏறுகிறது. 35 நாள் கடந்து கண்டுபிடிக்கப்படும் எந்தக் கணக்குப் பிழைக்கும் கிளவுடில் செய்ய வேண்டியதும் இதுதான். தனியாக எடுத்துவைத்த பழைய படி இருந்தால் அதை ஓரமாக எழுப்பிச் சாட்சியாகப் பார்த்துக்கொண்டு, திருத்தத்தை இன்றைய தேதியில் புதிய வரியாகப் போடுவது. 35 நாளுக்குள் மீட்டாலும் அந்த இரண்டரை மணி நேரத்து பில்களுக்கு வேறு வழியில்லை. வித்தியாசம், வருவாய்த் துறையில் விசாரணைக்கு ஒரு கோப்பு இருக்கிறது. தரவுத்தள மீட்பில் எந்த வரியை ஏற்பது எதைத் தள்ளுவது என்பதை நடுராத்திரியில் ஒரு பொறியாளர் தனியாக முடிவு செய்கிறார், காலையில் அதற்குத் தடயம் இருப்பதில்லை. மீட்புக்கென்று ஓர் அட்டவணை அதே தரவுத்தளத்தில் இருந்து, எந்த பில், எந்தப் படியிலிருந்து வந்தது, யார் ஏற்றார், என்ன காரணம் என்று நாலு பத்திகள் அதில் நிரம்பினால், அந்த முடிவுகளும் லாக்கில் எண் வாங்கிக்கொண்டு ஏறிவிடும். அடுத்த மீட்பு வரும்போது அவையும் சேர்ந்தே மறுபடி நடக்கும்.